ஆறு வயதுக்காரனும் தயிர்சாதமும்

வணக்கம் மேடம்,

பெங்களூரு சி.வி. ராமன் நகரில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலை முடிந்து வீடு திரும்ப எட்டு மணி ஆகிவிடும். 6 வயது மகன் தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், நூடுல்ஸ் தவிர எதையும் தொடமாட்டான். மாமியார்தான் போனில் கார்ட்டூன் போட்டு ஊட்டிவிடுகிறார். காய் சாப்பிட்டால் சாக்லேட் என்றும் சொல்லிப் பார்த்தாயிற்று. நீங்கள் டயட்டீஷியன், உங்களுக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் எப்படி? காயை அரைத்து மாவில் கலந்துவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

கலந்து கொடுங்கள், தப்பில்லை. ஆனால் தெரியாமல் கலந்த பீட்ரூட்டால் அவனுக்கு பீட்ரூட் பழகாது. பார்த்து, தொட்டு, முகர்ந்து, சில நாள் துப்பியும்தான் பழகுவான். ஒரு புதுக் காயை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து முறைகூட ஆகலாம். நாமோ மூன்றாவது முறையே ‘இவனுக்குப் பிடிக்காது’ என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அமெரிக்க உணவியல் நிபுணர் எல்லின் சாட்டர் சொன்ன பொறுப்புப் பிரிவினையைத்தான் நான் வீட்டிலும் பின்பற்றுகிறேன். என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. இந்த இரண்டாவது பாதிதான் நமக்குக் கஷ்டம். தட்டில் மிச்சம் வைத்தால் மனசு கேட்காது, ‘இன்னும் ஒரு வாய்’ என்று ஆரம்பித்துவிடுவோம்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையல். அதில் குழந்தைகள் நிச்சயம் சாப்பிடும் பதார்த்தம் ஒன்றாவது இருக்கும். உங்கள் மகனுக்குத் தயிர்சாதம் இருக்கட்டும், பக்கத்தில் ஒரே ஒரு ஸ்பூன் பீன்ஸ் பொரியல். வற்புறுத்தவும் வேண்டாம், சாப்பிட்டால் பாராட்டவும் வேண்டாம். நீங்கள் அதே பொரியலைச் சாப்பிட்டபடி ஸ்கூல் கதை பேசுங்கள். வேண்டாம் என்றால் சரி. அதற்காகத் தனியாக நூடுல்ஸ் கிண்டாதீர்கள். முதல் சில வாரம் பொரியல் அப்படியே மிஞ்சும். அடுத்த நாளும் ஒரு ஸ்பூன் வையுங்கள்.

சாக்லேட் பேரத்தை இன்றே நிறுத்துங்கள். காய் என்றால் தண்டனை, சாக்லேட் என்றால் பரிசு என்று மனதில் பதிந்துவிடும்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். ஸ்கூல் விட்டு வந்ததிலிருந்து எட்டு மணி வரை என்ன சாப்பிடுகிறான்? பல வீடுகளில் மால்ட் பவுடர் போட்ட பால், பிஸ்கட், மறுபடி பால். அப்புறம் பசி எங்கிருந்து வரும்? பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதையே குடித்து வயிறு நிறைந்தால் ரத்தசோகை வர வாய்ப்பு அதிகம். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். மால்ட் பவுடர் தேவையே இல்லை. இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ பிரிவிலிருந்து நீக்கும்படி 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே ஆன்லைன் விற்பனைத் தளங்களிடம் சொன்னது.

அதற்குப் பதிலாக மாலை 6 மணிக்குப் பாட்டியோடு உட்கார்ந்து ராகி தோசையோ சுண்டலோ சாப்பிடட்டும். ராகியில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. டிசம்பர், ஜனவரியில் பெங்களூரு முழுக்க அவரைக்காய் குவிந்து கிடக்கும். காயை உரித்து, உள்ளே இருக்கும் கொட்டையை ஊறவைத்து, அதன் தோலைப் பிதுக்கி எடுக்கும் வேலையை அவனிடம் கொடுங்கள். பிதுக்கம்பருப்பு பாய்ந்து வெளியே வருவது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தான் பிதுக்கியதைத் தின்று பார்க்கும் ஆசை தானாக வரும்.

‘ஊட்டாதீர்கள்’ என்று மட்டும் சொன்னால் மாமியாருக்கு மனசு நோகும், அவர் ஊட்டுவது அக்கறையில்தானே. கூட உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள். போன் இருந்த இடத்தில் அவர் கதை வரட்டும். ஆனால் அவன் கையால்தான் அவன் சாப்பிட வேண்டும். திரையைப் பார்த்து வாய் திறக்கும் குழந்தைக்கு வயிறு நிறைந்ததே தெரிவதில்லை.

எடை ஏறாமல் நின்றாலோ, புது உணவைக் கண்டதுமே ஓங்கரித்தாலோ, சாப்பிடும் சில வகைகளும் குறைந்துகொண்டே வந்தாலோ குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். எப்படியும் ஒருமுறை ஹீமோகுளோபின் பரிசோதித்துவிடுவது நல்லது. முடிவு வந்ததும் எழுதுங்கள்.