உப்புக் காற்றும் பழைய காரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கறளைப் பற்றியவை. திருகோணமலையில் அது புதினமில்லை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நிலாவெளியிலிருந்து: அப்பப்பாவின் மொறிஸ் மைனர் பதினைந்து வருடமாகக் கிடுகுக் கொட்டிலில் நிற்கிறது. கடல் கூப்பிடு தூரம். வெளியில் பார்க்க நல்லாத்தான் இருக்கிறது, கதவுக்குக் கீழே மட்டும் பெயின்ட் கொப்பளித்திருக்கிறது. தேய்த்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்தால் போதுமா அண்ணா?

போதாது தம்பி. வெளியே கொப்புளம் தெரிகிறது என்றால் கறள் உள்ளேயிருந்து தின்றுகொண்டு வந்து இப்போதுதான் வெளியே எட்டிப் பார்க்கிறது என்று அர்த்தம். பட்டி தண்ணீரை உறிஞ்சும். கறளின் மேல் பட்டி பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும். தொடக்க காலத்தில் நானும் ஒரு மைனர் கதவுக்கு அப்படிச் செய்தேன். இரண்டு மாரி தாண்டவில்லை, உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி பெயர்ந்து விழுந்தது. முதலில் வெட்டி வெல்டிங்கால் ஒட்டியிருந்தால் சின்னத் துண்டோடு போயிருக்கும். இரண்டாம் முறை கதவின் அடித்தகடு முழுவதையும் மாற்ற வேண்டி வந்தது.

முதலில் ஒரு பழைய ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு காருக்குக் கீழே போங்கள். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகட்டை அதன் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு ‘ணங்’ என்று பேசும். கெட்டது ஈரச் சாக்கைத் தட்டினது போல் ‘தொப்’ என்னும். அங்கே முனையால் அழுத்துங்கள். உள்ளே போனால் கவலைப்படாதீர்கள், கண்டுபிடித்தது நல்லதுதான். அதே மாதிரி தரைத்தகட்டின் ஓரங்கள், பின்பக்க ஸ்பிரிங் பூட்டும் இடம், முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பிகள் பின்னால் வந்து முடியும் குறுக்குச் சட்டம் ஆகியவற்றையும் பாருங்கள். மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடல்தான் சட்டகம். இந்த இடங்களில் ஓட்டை இருந்தால் அது அழகுப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை.

வெட்டும்போது ஒரு பக்கம் முடித்துவிட்டு மறு பக்கம் தொடுங்கள். கதவு வாசலில் ஒரு கோண இரும்பைத் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளாமல் அடித்தகட்டை வெட்டினால் உடல் நடுவில் தொய்ந்துவிடும், பிறகு கதவு எந்தக் காலத்திலும் சரியாக மூடாது. புதுத் தகட்டை ஒட்டிய பிறகு இரண்டு பக்கமும் எபொக்சி பிரைமர். பட்டி தேவையென்றால் அதன் மேலே, மெல்லியதாக. கடைசியில் பெட்டித் தகட்டின் உள்ளே மெழுகு. கதவின் அடியிலுள்ள தண்ணீர்த் துளைகளை அடைத்துவிடாதீர்கள், பல கதவுகள் செத்தது அதனால்தான்.

சின்னச் சின்ன இரும்புச் சாமான்களுக்கு வீட்டிலேயே ஒரு வழி உண்டு. பிளாஸ்டிக் வாளியில் 10 லீற்றர் தண்ணீர், 100 கிராம் வாஷிங் சோடா. கறள் பிடித்த சாமானுக்குப் பற்றரி சார்ஜரின் மைனஸ், பக்கத்தில் தொங்கும் பழைய இரும்புத் துண்டுக்குப் பிளஸ், இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இரவு முழுக்க விட்டால் விடிய எழும்பிப் பார்க்கும்போது கறள் கறுப்புச் சேறாகக் கையோடு வந்துவிடும். இதில் வருவது தீப்பற்றும் ஹைட்ரஜன், ஆகவே திறந்த வெளியில் செய்யுங்கள். எவர்சில்வர் துண்டைப் பிளஸ்ஸில் மாட்டவே கூடாது, குரோமிய நஞ்சு தண்ணீரில் இறங்கும். ஸ்பிரிங்குகளையும் இதில் போடாதீர்கள், முறியும் தன்மை வந்துவிடும்.

இன்னொன்று. காரைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவுகிறீர்களா? கரையோரக் கிணறு பல உவர். உப்பைக் கழுவ உப்பையே ஊற்றுவது எதற்கு? குழாய்த் தண்ணீர், அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர். பொலித்தீனால் மூடாதீர்கள், அதற்குள் வியர்க்கும். பொலித்தீன் விரிக்க வேண்டிய இடம் கொட்டிலின் மணல் தரை. நிலத்து ஈரம் மேலே வராது.

தம்பலகாமத்திலிருந்து: கார் தூக்க நல்ல ஜாக் இருக்கிறது. தூக்கிய காரைத் தாங்கும் ஸ்டாண்ட் வாங்கத்தான் வேண்டுமா? சீமெந்துக் கல் வைத்தால் என்ன?

வைக்காதீர்கள். சீமெந்துக் கல் வளைந்து எச்சரிக்கை தராது, ஒரே நொடியில் தூளாகும். எனக்கு முன்னாலேயே ஒன்று உடைந்தது. கீழே இருந்த பெடியன் தேநீர் குடிக்க எழும்பிப் போய் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து என் கராஜுக்குள் கல் வருவதில்லை. ஸ்டாண்ட் வாங்குங்கள். மணல் முற்றமென்றால் அதற்குக் கீழே தடித்த பலகை. கழற்றிய சில்லையும் காருக்கடியில் தள்ளி வையுங்கள்.

செல்வநாயகபுரத்திலிருந்து, ஓர் ஆசிரியை: அப்பாவின் ஒஸ்டின் கேம்பிரிட்ஜை நானே ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தேன். எஞ்சின் ஒரு குறையும் இல்லை. பிரேக் மட்டும் முதல் மிதிக்குப் பஞ்சு போல் போகிறது, இரண்டு மூன்று தரம் மிதித்தால் பிடிக்கிறது. ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள் தங்கச்சி. நீங்களே செய்து எழுப்பிய கார் என்று வாசித்தபோது மனம் நிறைந்தது, அதனால்தான் கறாராகச் சொல்கிறேன். அந்தக் காலத்துக் கார்களில் நான்கு சில்லுக்கும் ஒரே பிரேக் சுற்றுத்தான். ஓர் இடத்தில் கசிந்தால் நாலும் போகும்.

முதலில் பிரேக் ஷூக்களை அட்ஜஸ்ட் பண்ணுங்கள். சில்லோடு சுற்றும் ட்ரம்முக்கும் அதை அழுத்திப் பிடிக்கும் ஷூவுக்கும் இடைவெளி கூடினாலே இரண்டு மிதி தேவைப்படும், பாதிக் குறை இங்கேயே தீரும். அப்புறமும் பஞ்சு போல் இருந்தால் குழாயில் காற்று இருக்கிறது, அல்லது மிதியின் அழுத்தத்தைக் குழாய்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் றப்பர் போய்விட்டது. பழைய பிரேக் ஒயிலை முழுவதும் வடித்துவிடுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. உள்ளே சேர்ந்த ஈரம் சிலிண்டரைக் கறள் பிடிக்க வைக்கும், சூட்டில் ஆவியாகிப் பிரேக்கையும் விழுத்தும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது என் வழக்கம். ‘கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டால் என்ன’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அத்தனை றப்பரும் ஊதிவிடும். பிரேக் ஒயில் பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். ட்ரம்முக்குள் இருக்கும் தூசியை ஊதாதீர்கள், பழைய ஷூக்களில் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

சீனக்குடாவிலிருந்து: மைனரில் போன் சார்ஜர் பூட்டினேன், புகைந்துவிட்டது. எல்ஈடி பல்பு எரியவே இல்லை. வயரிங் பிழையா?

வயரிங் சரி. அந்தக் கார் பிளஸ் எர்த். பற்றரியின் பிளஸ்தான் உடலோடு சேர்ந்திருக்கும். சாதாரணப் பல்புக்கு எந்தப் பக்கம் வந்தாலும் ஒன்றுதான், சார்ஜருக்கும் எல்ஈடிக்கும் அப்படியல்ல. மாற்றலாம். பற்றரியைத் திருப்பிப் பூட்டி, பிளக்குக்குப் பொறி தரும் கொயிலின் இரண்டு மெல்லிய வயரையும் இடம் மாற்ற வேண்டும். பலர் மறப்பது பற்றரியைச் சார்ஜ் பண்ணும் டைனமோவை. அதில் ‘F’ என்று குறித்த முனையின் வயரைக் கழற்றிவிட்டு, பற்றரியின் எர்த் ஆகாத பக்கத்திலிருந்து ஒரு வயரால் அந்த முனையை ஒரு கணம் தொட்டெடுங்கள், சின்னப் பொறி தெரியும். அப்போதுதான் டைனமோ புதுத் திசையில் சார்ஜ் பண்ணும். எலெக்ட்ரிக் பெற்றோல் பம்ப்பும் பழைய ரேடியோவும் இருந்தால் அவை திருப்பிய திசைக்கு ஒத்துவருமா என்று முதலே பாருங்கள்.

கிண்ணியாவிலிருந்து: வோக்ஸ்வாகன் பீட்டில். கந்தளாய்ப் பக்கம் பின்னேரம் போனால் எஞ்சின் கொதிக்கிறது. பெரிய ஒயில் கூலர் போடச் சொல்கிறார்கள்.

கூலருக்குக் காசு செலவழிக்க முன், காற்றால் குளிரும் அந்த எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளையும் றப்பர் ஓரங்களையும் பாருங்கள். கீழே சூடான காற்று, மேலே குளிர்ந்த காற்று, இரண்டையும் பிரிப்பது அந்த மெல்லிய தகடுகள்தான். எஞ்சினை இறக்கி ஏற்றியவர் ஒன்றிரண்டைத் திரும்பப் பூட்டாமல் விட்டிருந்தால், விசிறி சூட்டுக் காற்றையே திரும்பத் திரும்பக் குடிக்கும். மூன்றாம் சிலிண்டர்தான் முதலில் அடிபடும், பழைய மொடல்களில் ஒயில் கூலர் அதற்கு வரும் காற்றை மறித்து நிற்கிறது. அப்புறம், ஓடும்போது சிவப்பு சார்ஜ் லைட் எரிந்தால் அதே இடத்தில் நிறுத்துங்கள். டைனமோவும் விசிறியும் ஒரே பெல்ட்டில்தான் சுற்றுகின்றன. பெல்ட் அறுந்தால் குளிர்ச்சியும் அந்த நிமிடமே நின்றுவிடும். பெற்றோல் றப்பர் குழாய்களையும் மாற்றிவிடுங்கள். வெடித்த குழாய் சூட்டு எஞ்சினுக்கு மேலே சொட்டித்தான் பல பீட்டில்கள் எரிந்திருக்கின்றன.

உவர்மலையிலிருந்து: எந்த மாதம் பெயின்ட் அடிக்கலாம்?

ஐப்பசி முதல் தை வரை வேண்டாம். காற்றில் ஈரம் கூடினால் லாக்கர் பெயின்ட் வெள்ளையாகப் பூத்துவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஈரம் குறைவு, ஆனால் தூசி. காற்று எழும்ப முன், விடியற்காலை அடியுங்கள், தரையை நனைத்துவிட்டு. இரண்டு கலவை சேர்க்கும் ஹார்ட்னர் பெயின்ட் மட்டும் வீட்டில் வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் வாழ்நாள் ஆஸ்துமாவைத் தரும், துணி முகமூடி அதைத் தடுக்காது. அதற்குச் சரியான அறையுள்ள பெயின்ட் பாஸிடம் கொடுங்கள்.

மூதூரிலிருந்து: மைனரில் டட்சன் 1200 எஞ்சின் ஏற்ற ஆசை. பழையதைப் பழைய இரும்புக்குப் போடலாமா?

ஆசை நியாயமானது, நானும் அந்த மாற்றத்துக்கு எதிரி இல்லை. ஆனால் வேகத்தைக் கூட்டுவதற்கு முதல் பிரேக்கைப் பலப்படுத்த வேண்டும். எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் விற்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். உடலை வெட்டாமல், பழைய எஞ்சின் தாங்கிகளை அப்படியே விட்டுப் பூட்டுங்கள். பழைய எஞ்சினைத் தயவுசெய்து இரும்புக்குப் போடாதீர்கள். சிலிண்டருக்குள் ஒயில் விட்டு, துளைகளை அடைத்து, மூலையில் வையுங்கள். உங்கள் மகன் அதைத் தேடும் நாள் வரும்.

லிங்கநகரிலிருந்து: மைனர் எஞ்சினில் ‘டக் டக்’ சத்தம். வால்வ் இடைவெளியை நானே சரிபார்க்கலாமா? எந்த நேரத்தில் எந்த வால்வ் என்று பிடிபடவில்லை.

தாராளமாக. ஒரு ஞாயிறு காலை போதும். முதலில் ஸ்பானரைச் சரிபாருங்கள். இந்தக் கார் அங்குலக் கணக்கு. அரை அங்குல நட் என்பது 12.7 மில்லிமீற்றர். அதில் 13 ஸ்பானர் உட்காரும், ஆனால் தளர்வாக. நாலு தரம் திருகினால் நட்டின் மூலை தேய்ந்துவிடும்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிளக் நாலையும் கழற்றுங்கள், டொப் கியரில் போட்டுக் காரை மெல்லத் தள்ளினால் எஞ்சின் சுற்றும். எஞ்சினின் உச்சியிலுள்ள றொக்கர் மூடியைத் தூக்கியதும் எட்டு வால்வ் வரிசையாகத் தெரியும். றேடியேட்டர் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். கணக்கு ஒன்பது. முதலாவது வால்வ் முழுதாக அமுங்கி நிற்கும்போது எட்டாவதைச் சரிசெய்யுங்கள். மூன்றாவது அமுங்கினால் ஆறாவது. எட்டாவது அமுங்கினால் முதலாவது. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். வால்வின் நுனிக்கும் அதை அழுத்தும் றொக்கருக்கும் நடுவே இடைவெளி 0.012 அங்குலம். இடைவெளி அளக்கும் ஃபீலர் தகடு உள்ளே போய் வரும்போது, ஈரமான கடதாசிகளுக்கு நடுவிலிருந்து ஒரு தாளை இழுப்பது போல் லேசாகப் பிடிக்க வேண்டும். லொக் நட்டை இறுக்கியபின் இன்னொரு தரம் பாருங்கள், இறுக்கும்போது கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

அளவுகளை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், காரணம் இருக்கிறது. இலங்கையில் 2002இல் பெற்றோலிலிருந்து ஈயத்தை எடுத்துவிட்டார்கள். எஞ்சினின் மேற்பகுதியான பழைய இரும்பு ஹெட்டில் வால்வ் உட்காரும் இடத்தைக் காத்தது அந்த ஈயம். இப்போது வேகமாக, நெடுந்தூரம் ஓடும் கார்களில் புகையை வெளியே விடும் எக்ஸோஸ்ட் வால்வ் கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் புதைகிறது. புதைந்தால் இடைவெளி குறையும், சத்தமும் குறையும். ஆகவே சத்தம் தானாக நின்றுவிட்டதே என்று சந்தோஷப்படாதீர்கள். ஒவ்வொரு முறையும் அதே வால்வின் இடைவெளி குறைந்துகொண்டு போனால் ஹெட்டைக் கழற்றி, கடினமான சீட் போடக் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. மூடியைத் திரும்பப் பூட்டும்போது கோர்க் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள், நட்டைப் பலமாக இறுக்காதீர்கள். மூடி வளைந்தால் அதற்குப் பிறகு ஒயில் கசிவு நிற்காது.