டீசல் கசிவுக்குப் பம்ப்தான் காரணமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டிக்கு மீன் ஏற்றிச் செல்லும் டீசல் பிக்கப் வண்டி வைத்திருக்கிறேன். காமன் ரெயில் எஞ்சின் (ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து எல்லா சிலிண்டர்களுக்கும் டீசல் போகும் வகை). சில வாரங்களாகக் காலையில் வெகுநேரம் செல்ஃப் அடித்த பிறகே ஸ்டார்ட் ஆகிறது. கேபினுக்குள் டீசல் வாடை வீசுகிறது. எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே சொட்டுகிறது, மைலேஜும் குறைந்துவிட்டது. ஹை பிரஷர் பம்பை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: பொறுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளில் பம்ப்தான் கெட்டது என்று காட்டுவது எதுவும் இல்லை. சொட்டும் இடமும் கசியும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். டீசல் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கியும் தள்ளும். ஆகவே ஈரமாக இருக்கும் இடங்களில் எது மிக உயரத்திலும் மிக முன்பக்கத்திலும் இருக்கிறதோ, அதைத்தான் தேட வேண்டும். சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களின் தலையில், மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஓஸ் பொருந்தும் இடத்தில் உள்ள சிறிய ஓ-ரிங் தளர்ந்தால்கூட, டீசல் எஞ்சினின் பின்பக்கமாக இறங்கிக் கியர் பாக்ஸ் அருகே வந்து சொட்டும். எஞ்சினைக் கழுவாமல் பார்ப்பவர் அதைப் பின்பக்க ஆயில் சீல் கசிவு என்றோ பம்ப் கசிவு என்றோ எளிதில் முடிவுகட்டிவிடுவார்.

காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதமாவதுதான் உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான தகவல். டேங்க், எஞ்சினைவிடத் தாழ்வாக இருப்பதால், லைனில் எங்காவது இடைவெளி இருந்தால் இரவில் அதன் வழியே காற்று புகுந்து டீசல் டேங்குக்குத் திரும்பிவிடும். காலையில் பம்ப் அந்தக் காற்றை வெளியேற்றிய பிறகே எஞ்சின் பிடிக்கும். டேங்குக்குள் மோட்டார் இல்லாமல் எஞ்சின் பக்கமே டீசலை உறிஞ்சும் அமைப்பில், ஃபில்டர் வரையிலான கசிவு வண்டி ஓடும்போது வெளியே சொட்டாமல் காற்றை உள்ளே இழுக்கும்; அணைத்த பிறகே அந்த இடம் ஈரமாகும். ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே தற்காலிகமாக உள்ளே ஓடுவது தெரியும் ஒரு கண்ணாடி போன்ற ஓஸ் மாட்டிப் பாருங்கள். குமிழிகள் தொடர்ந்து வந்தால், கோளாறு ஃபில்டர் அல்லது அதற்கு முந்தைய லைனில் இருக்கிறது. ஃபில்டர் மூடியின் ரப்பர் ரிங், தண்ணீர் வடிக்கும் திருகு, கைப்பம்ப், குழாயை இணைக்கும், நடுவில் துளையுள்ள பான்ஜோ போல்ட்டின் இருபுறமும் உள்ள செம்பு வாஷர்கள் ஆகியவற்றை வரிசையாகச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒருமுறை இறுகி நசுங்கிய செம்பு வாஷரைத் திரும்பப் போட்டால் அது சரியாக அடைக்காது. மிகக் குறைந்த விலைப் பொருளுக்காக மிக விலை உயர்ந்த பம்பைக் கழற்றும் கொடுமை பணிமனைகளில் சாதாரணமாக நடக்கிறது.

வெளிக் கசிவைக் கண்டுபிடிக்க, ஆறிய எஞ்சினை டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்) போட்டுக் கழுவி, ஆல்டர்னேட்டர் மீதும் ஒயரிங் மீதும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டு, நன்றாகக் காய்ந்தபின் சந்தேகப்படும் இணைப்புகளின் மீது முகப் பவுடரை மெல்லத் தூவுங்கள். சிறிது தூரம் ஓட்டிவிட்டு எஞ்சினை அணைத்துப் பார்த்தால், டீசல் ஓடிய பாதை பவுடரில் கருமையான கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் மேல் நுனியே கசிவின் பிறப்பிடம்.

உங்கள் வண்டிக்கு மட்டும் இன்னொன்று சொல்ல வேண்டும். மீன் பெட்டிகளிலிருந்து வடியும் உப்பு நீர், சேஸிஸ் ஓரமாகச் செல்லும் இரும்பு டீசல் குழாய்களை அரிக்கும். வெளியே தெரியும் பகுதியில் பெயின்ட் நன்றாகவே இருக்கும். கிளாம்பைக் கழற்றினால், சேறும் உப்பும் தங்கிய அந்த விரற்கடை அகலத்தில் கொப்புளம் கொப்புளமாகத் துரு பூத்திருக்கும். அதைச் சுரண்டிப் பார்க்காமல் குழாய் நன்றாக இருக்கிறது என்று நம்பாதீர்கள்.

ஆயில் ஸ்டிக்கையும் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறி, டீசல் வாடை அடித்தால் கசிவு எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. அப்போது வண்டியை ஓட்டவே கூடாது. உட்கசிவு எதுவும் இல்லாமல், கழுவிப் பவுடர் போட்ட பின்னும் பம்பின் உடலிலேயே ஈரம் தொடங்கினால் மட்டும் உங்கள் மெக்கானிக் சொன்னதை ஏற்கலாம்.

ஓர் எச்சரிக்கை. பழைய டீசல் வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதே இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்திப் பார்ப்பார்கள். காமன் ரெயிலில் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் (சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் சுமார் ஆயிரம் மடங்குக்கு மேல்) போகும் என்பதால் அதைச் செய்யவே கூடாது. கசிவைக் கையால் தடவியும் தேடக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறியதாக இருந்தாலும், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.

கேள்வி: டேங்கின் அடியில் லேசாகக் கசிகிறது. சோப்பைத் தேய்த்து அடைத்து ஓட்டுகிறேன். இப்படியே விட்டுவிடலாமா?
– வாசகர், வில்லியனூர், புதுச்சேரி

பதில்: பணிமனை வரை போய்ச் சேர அது உதவும், அதற்கு மேல் வேண்டாம். டேங்கைக் கழற்றி, முழுவதும் காலி செய்து, ஆவி போகும்படி கழுவித் தரும் இடத்தில் மட்டுமே வெல்டிங் வையுங்கள். வண்டியிலேயே வைத்து ஒரு புள்ளி வெல்டிங் அடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். அடிப்பகுதி பரவலாகத் துருப்பிடித்திருந்தால், ஒட்டுப் போடுவதைவிட வேறு டேங்க் மாற்றுவதே மேல்.