மகனுக்குப் பிடித்தது காரா, கணக்கா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகன் உயர்தரம், கணிதப் பிரிவு, அடுத்த வருடம் பரீட்சை. ஞாயிற்றுக்கிழமை ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்தில் ஃபெராரி அணி தோற்றால் இரவுச் சாப்பாடு இறங்காதாம். ரியூஷன் கொப்பியின் பின்பக்கம் முழுக்கச் சுற்று நேரங்களும் எந்தச் சுற்றில் யார் டயர் மாற்றினார்கள் என்பதும்தான். லண்டனில் இருக்கும் பெரியப்பா, "மோட்டார் பந்தயப் பொறியியல் பட்டத்துக்கு இங்கே அனுப்புங்கோ, மிச்சத்தை நான் பார்க்கிறன்" என்கிறார். அப்பாவுக்குப் பொறியியல் பீடம் தவிர வேறு பேச்சில்லை. வீட்டை ஈடு வைத்து அனுப்பலாமா என்பது தாயின் கேள்வி.

வைக்காதீர்கள் அம்மா. பிள்ளையின் ஆசை பிழையில்லை. அந்த ஆசைக்குப் பெரியவர்கள் வைத்திருக்கிற பெயர்தான் பிழை.

முதலில் காசைப் பார்ப்போம். ஒரு பவுண் 400 ரூபாய் என்று வையுங்கள். கட்டணம் வருடத்துக்கு 18,000 பவுண் என்றால் 72 இலட்சம். மூன்று வருடத்துக்கு 216 இலட்சம். தங்கவும் சாப்பிடவும் மாதம் 1,000 பவுண் போனால் இன்னும் 144 இலட்சம். ஆக 3 கோடி 60 இலட்சம். பெரியப்பா பார்ப்பதாகச் சொன்ன 'மிச்சம்' இதில் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். படித்து முடித்தாலும் வேலை விசாவுக்கு ஒரு நிறுவனம் முன்வந்து பொறுப்பேற்க வேண்டும். அதே கதிரைக்கு அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் வரிசையில் நிற்பார்கள். இதை வீட்டை ஈடு வைத்து ஆடக் கூடாது. இந்த விடயத்தில் நான் விட்டுக்கொடுப்பதாயில்லை.

மொறட்டுவ, தனியார் பொறியியல் பட்டங்கள், கணினி வகுப்புகள் பற்றியெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். அவற்றைத் தாண்டிப் போகிறேன். கொப்பிக்கு வருவோம்.

ஃபெராரி 1999 முதல் 2004 வரை தொடர்ந்து ஆறு முறை அணிப் பட்டம் வென்றது. கடைசி அணிப் பட்டம் 2008இல். 2022 தொடக்கத்தில் கார் உண்மையிலேயே வேகமாக இருந்தது. மூன்று பந்தயம் முடிந்தபோது ஃபெராரி ஓட்டுநர் லெக்லேர், போட்டி அணியான ரெட் புல்லின் வெர்ஸ்டப்பனைவிட 46 புள்ளி முன்னால். வருட முடிவில் வெர்ஸ்டப்பன் 454, லெக்லேர் 308. இதில் எல்லாமே திட்டப் பிழை என்று சொன்னால் அது நியாயமில்லை. ஸ்பெயினிலும் பாகுவிலும் முன்னணியில் இருந்தபோது கார் கைவிட்டது. பிரான்ஸில் லெக்லேர் தானே மோதிக்கொண்டார். ஆனால் உங்கள் மகன் இரவுச் சாப்பாட்டைத் தள்ளிவைத்தது வேறு மூன்று நாட்களுக்காக இருக்கும். மொனாக்கோவில் முதலிடத்தில் புறப்பட்டவரை இரண்டாவது முறை பிட்டுக்குள் (டயர் மாற்றும் இடத்துக்குள்) வரச்சொல்லிவிட்டு, அவர் நுழையும் நேரத்தில் வெளியே நில் என்றார்கள். உள்ளே அதே அணியின் மற்ற ஓட்டுநர் சைன்ஸின் கார் நின்றது. அதன் பின்னால் காத்து நின்று நான்காமிடம். சில்வர்ஸ்டனில், விபத்தோ பழுதோ நேர்ந்தால் எல்லோரையும் மெதுவாக ஓடவைக்கிற பாதுகாப்புக் கார் வந்தபோது முன்னால் ஓடியவரைப் பழைய கடின டயரோடு விட்டுவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் புதிய, வேகம் கூடிய மென் டயர் போட்டுக்கொண்டார்கள். மறுபடியும் நான்காமிடம். ஹங்கேரியில் 39ஆவது சுற்றில் கடின டயர் கொடுத்தார்கள். முதலில் மெதுவாக இருந்தாலும் பிறகு வேகம் திரும்பும் என்பது அணியின் கணக்கு. குளிரான அந்த நாளில் அதே டயரோடு அல்பைன் அணியின் கார்கள் தடுமாறியது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஆறாமிடம். பத்தாவதாகப் புறப்பட்ட வெர்ஸ்டப்பன் வென்றார்.

இந்த மூன்றிலும் இயந்திரம் பழுதாகவில்லை. முடிவுதான் பழுதானது. எஞ்சினைக் கழற்றிப் பார்க்க ஆசைப்படும் பிள்ளை வேறு. 39ஆவது சுற்றில் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கொப்பியில் கணக்குப் போடும் பிள்ளை வேறு. உங்கள் வீட்டில் இருப்பது இரண்டாவது. அதற்குரிய படிப்பு புள்ளிவிபரவியலும், எதை எப்போது செய்தால் நல்லது என்று கணக்கிட்டு முடிவெடுக்கிற செயற்பாட்டு ஆய்வும். கல்யாண வீட்டில் சொன்னால் யாரும் வியந்து புருவம் உயர்த்தமாட்டார்கள் என்பதைத் தவிர அதில் குறையொன்றும் இல்லை.

அவர் உண்மையிலேயே இதில் ஊறியவரா என்று பார்க்க ஒரு கணக்குத் தருகிறேன். காசு செலவில்லை. பைத்தன் மொழியில் ஃபாஸ்ட்எஃப்1 என்ற இலவச நூலகம் இருக்கிறது. அதில் 2022 ஹங்கேரிப் பந்தயத்தின் சுற்று நேரங்களை எடுக்கட்டும். பிட்டுக்குள் போன சுற்று, வெளியே வந்த சுற்று, ஆபத்து எச்சரிக்கையாக மஞ்சள் கொடி காட்டிய சுற்றுகள் எல்லாவற்றையும் நீக்கவேண்டும். பிறகு ஒவ்வொரு டயர் வகைக்கும் டயரின் வயதைக் கிடையச்சிலும் நேரத்தை நிலைக்குத்தச்சிலும் வைத்து ஒரு நேர்கோடு. சரிவுதான் டயர் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தேய்கிறது என்பதன் அளவு.

இங்கேதான் அனேகமானோர் விழுவார்கள். 2022இல் கார் 110 கிலோ வரை எரிபொருளோடு புறப்பட்டது. ஹங்கேரிப் பந்தயத்தின் 70 சுற்றுக்குப் பகிர்ந்தால் சுற்றுக்கு ஏறத்தாழ 1.6 கிலோ குறையும். ஒரு கிலோ குறைந்தால் சுமார் 0.03 செக்கன் வேகம் கூடும் என்பது பொதுவாகப் பாவிக்கிற அண்ணளவு. அதாவது எரிபொருள் எரிவதாலேயே கார் ஒவ்வொரு சுற்றிலும் 0.05 செக்கன் அளவு வேகமாகிறது. டயர் தேய்வதால் மெதுவாவதை இது மறைத்துவிடும். எனவே கோட்டில் கிடைத்த சரிவோடு 0.05ஐக் கூட்டவேண்டும்.

கூட்டாவிட்டால் என்ன ஆகும்? பிட்டுக்குள் போய்வர 20 செக்கன் இழப்பு என்று வையுங்கள். ஒரு டயர் மாற்றம் என்றால் 35 சுற்றாக இரண்டு பகுதி. இரண்டு மாற்றம் என்றால் 23 சுற்றுச் சொச்சமாக மூன்று பகுதி. ஒவ்வொரு பகுதியிலும் தேய்வைக் கூட்டுத்தொடராகக் கூட்டினால், முதலாவது திட்டத்தில் சுற்றுத் தேய்வின் 1,190 மடங்கு இழப்பு, இரண்டாவதில் 782 மடங்கு. வித்தியாசம் 408 மடங்கு. அது 20 செக்கனைத் தாண்டவேண்டுமானால் தேய்வு 0.049ஐத் தாண்டவேண்டும். கொப்பியில் 0.03 என்று வந்தால் ஒரு மாற்றம் போதும் என்று தோன்றும். எரிபொருளைத் திருத்தினால் அது 0.08. இரண்டு மாற்றம்தான் சரி. ஒரு சின்னத் திருத்தத்தை மறந்தால் முழுத் திட்டமும் தலைகீழ். பாதுகாப்புக் கார் வந்தால் எல்லோரும் மெதுவாக ஓடுவதால் அந்த 20 செக்கன் வெகுவாகக் குறையும். அப்போது கணக்கை முதலிலிருந்து போடவேண்டும், அதுவும் சில செக்கன்களுக்குள். நெரிசலில் மாட்டிய சுற்றுகள், ஓட்டுநர் வேண்டுமென்றே டயரைப் பாதுகாத்து ஓடிய சுற்றுகள் இரண்டும் கோட்டைக் கெடுக்கும். அவற்றை எப்படி அடையாளம் கண்டு நீக்கினார் என்பதைக் கேளுங்கள். விளக்கம் உங்களுக்குப் புரியவேண்டியதில்லை அம்மா. அவர் எவ்வளவு நேரம் சலிக்காமல் பேசுகிறார் என்று பாருங்கள்.

இந்தக் கணக்கைக் காசு கொடுத்து வாங்குபவர்கள் பந்தய அணிகள் மட்டுமல்ல. காலிமுகத்திடலில் நின்று பார்த்தால் தெரிகிற துறைமுகப் பாரந்தூக்கிகளில் எதை எந்தக் கப்பலுக்கு எத்தனை மணிக்கு விடுவது என்பதும் இதே குடும்பத்துக் கணக்கு. காப்புறுதி, வங்கி, ஆடைத் தொழிற்சாலையின் உற்பத்தி வரிசை, விமான நேர அட்டவணை எல்லாம் அப்படியே. பந்தய அணியில் இந்த வேலைக்கு ஒரு கைப்பிடி ஆட்கள்தான். அந்தக் கதவு திறக்காவிட்டாலும் கொழும்பிலேயே நாலு கதவு இருக்கும்.

எங்கே படிப்பது? கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் புள்ளிவிபரவியல் துறை இருக்கிறது. கைத்தொழில் புள்ளிவிபரவியலும் கணித நிதியும் என்ற தனிப் பாடநெறியும் அங்கேதான். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி பஸ்ஸில் போகிற தூரம். பேராதனையில் புள்ளிவிபரவியலும் செயற்பாட்டு ஆய்வும் ஒரே பட்டமாக உண்டு. அரச பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை. கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளி இலேசானதல்ல, அதனால் இணைந்த கணிதத்தில் நிகழ்தகவையும் புள்ளிவிபரத்தையும் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைக்கவேண்டாம். வெட்டுப்புள்ளி தவறினால், வேலை பார்த்துக்கொண்டே படிக்க இலங்கைப் பிரயோக புள்ளிவிபரவியல் நிறுவகத்தின் டிப்ளோமா இருக்கிறது.

பெறுபேறு வந்தபின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்கும்போது விருப்ப ஒழுங்கில் கவனம். தகுதி கிடைக்கிற பாடநெறிகளில் மேலே எழுதியதுதான் கிடைக்கும். அப்பாவின் திருப்திக்காகப் பொறியியலை முதலில் எழுதி, புள்ளியும் போதுமாக இருந்தால், கீழே எழுதிய புள்ளிவிபரவியல் கைக்கு வராது. அந்த ஒழுங்கை மகன் எழுதட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை எங்கே போகிறது என்று பார்த்து எழுதவேண்டாம்.

இதை அப்பாவுக்கு விளங்கவைக்க 2010 அபுதாபிப் பந்தயத்தைச் சொல்லுங்கள். கடைசிப் பந்தயம். ஃபெராரியின் அலொன்சோ 246 புள்ளி, ரெட் புல் அணியின் வெபர் 238, அதே அணியின் வெட்டல் 231. வெபர்தான் ஆபத்து என்று நினைத்து, அவர் டயர் மாற்றியதும் அலொன்சோவையும் 15ஆவது சுற்றில் உள்ளே இழுத்தார்கள். வெளியே வந்தபோது முன்னால் பெட்ரோவின் ரெனோ கார். மிச்சம் 40 சுற்றும் அந்தக் காரைத் தாண்டமுடியவில்லை. வெட்டல் வென்றதால் அலொன்சோவுக்கு நான்காமிடமே போதுமாக இருந்தது. வந்தது ஏழாமிடம். வெபர் எட்டாவதாகத்தான் வந்தார். பட்டம் நான்கு புள்ளியால் வெட்டலுக்குப் போனது.

மகனிடம் கேட்டால் பெட்ரோவ் எந்தச் சுற்றில் டயர் மாற்றியிருந்தார் என்பதையும் சொல்லுவார். முதலாவது சுற்றில்.