மர அஸ்திவார வீடு: தரைக்கு என்ன போடலாம்?

தம்பி, குடியாத்தத்திலிருந்து வந்து ஒரே வருடத்தில் கனடாவின் எட்மன்டனில் வீடு பார்த்துவிட்டீர்கள், ரொம்ப சந்தோஷம். பேஸ்மென்ட்டின், அதாவது மண்ணுக்குள் இறங்கியிருக்கும் கீழ்த்தளத்தின், அஸ்திவாரமே மரம் என்று தெரிந்து பயந்துபோய்க் கேட்டிருக்கிறீர்கள். அம்மா வந்து கீழே தங்குவதற்குள் நம் ஊர் மாதிரி டைல்ஸ் போட்டுவிடலாமா என்றும் கேட்கிறீர்கள்.

மரம் என்பதற்காகப் பயப்பட வேண்டாம். ஆல்பர்ட்டா, சஸ்காட்சுவான் மாகாணங்கள் பக்கம் இது பழகிய முறைதான். அழுத்தம் கொடுத்து மருந்து ஏற்றிய சட்டங்களும் ப்ளைவுட்டும் ஜல்லிப் படுகைமேல் நிற்கும். தண்ணீர் தேங்காமல் ஜல்லி வழியே வடிந்துவிட வேண்டும், வடியாவிட்டால்தான் ஆபத்து.

டைல்ஸா கார்பெட்டா என்பதற்கு முன்னால், தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சில வீடுகளில் கான்கிரீட். சிலவற்றில் ஜல்லிமேல் பாலித்தீன், மரச்சட்டம், அதன்மேல் ப்ளைவுட். என் வீடு இந்த இரண்டாவது வகை. வந்த புதிதில் விவரம் தெரியாமல் அதன்மேல் ஷீட் வினைலை (ஈரம் புகாத பிளாஸ்டிக் தரை விரிப்பு) பசை போட்டு ஒட்டிவிட்டேன். கீழே பாலித்தீன், மேலே வினைல். நடுவில் சிக்கிய ஈரம் எங்கே போகும்? மூன்றாம் வருடம் பனி உருகும் சமயத்தில் ஒரு புழுங்கல் நாற்றம். பிரித்துப் பார்த்தால் மூலையில் ப்ளைவுட் கறுத்து, விரல் பட்டதும் உதிர்ந்தது. அன்றைக்கு வந்த வேதனை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால், உங்களுடையதும் மரத்தரை என்றால் காற்று போக விடுகிற, வேண்டும்போது தூக்கிப் பார்க்க முடிகிற பொருளாகப் போடுங்கள். நான் இப்போது போட்டிருப்பது சதுரம் சதுரமான கார்பெட். வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். முதுகில் வினைல் இருந்தால் பழைய கதைதான். மரத்தரை நடக்கும்போது லேசாக அதிரும் என்பதால் டைல்ஸை நேரடியாக ஒட்டினால் இடுக்கு விரிசல் விடும்.

கான்கிரீட் என்றால் டைல்ஸ் தாராளமாகப் போடலாம். ஆனால் ஜனவரியில் அதில் வெறுங்காலோடு நடக்க முடியாது. வேலூர் வெயிலுக்குச் சுகமாக இருந்த குளிர்ச்சி இங்கே அம்மாவின் முழங்காலைப் படுத்தும். கட்டிலைச் சுற்றி விரிப்பு போடுங்கள்.

மரத்திலுள்ள ஈரத்தை அளக்கும் ஈரமானியால் ப்ளைவுட்டைக் குத்திப் பார்ப்பது நல்லது. 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் நிம்மதி. 20ஐத் தாண்டினால் எதையும் மேலே போடாமல், தண்ணீர் வரும் வழியை முதலில் கண்டுபிடியுங்கள். வடிந்து வரும் தண்ணீர் சேரும் சம்ப் குழியை எதைக்கொண்டும் மூடி மறைக்க வேண்டாம். கோடையில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் ஓடட்டும், காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று முக்கியம். வெளிமண் தள்ளும்போது சுவரின் அடியைப் பிடித்து நிறுத்துவது அந்தத் தரைதான். பழசாக இருக்கிறதே என்று சட்டங்களைப் பெயர்த்துவிடாதீர்கள், எஞ்சினியரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

அப்புறம், அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஊர்ச் சிமென்ட் தரையில் பக்கெட் தண்ணீர் ஊற்றித் தள்ளினால் சித்திரை வெயிலில் அரை மணியில் காய்ந்துவிடும். இங்கே பிழிந்த துணியால் துடைத்தால் போதும். பனி முழுக்க உருகும்வரை, ஒரு வசந்தகாலம், தரையை வெறுமனே விட்டுப் பாருங்கள். அதுவரை அம்மாவுக்கு மாடி அறையைக் கொடுங்கள்.