நீரிணையை யாரும் பூட்ட வேண்டியதில்லை

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவும் சீனாவும் மோதிக்கொண்டால் மலாக்கா நீரிணை அடைபட்டுவிடும் என்கிறார்கள். சிங்கப்பூர்த் துறைமுகத்தின் பாசிர் பாஞ்சாங் முனையத்தில் வேலை பார்க்கும் என் மகனோ, கப்பல்கள் இந்தோனேசியாவின் லொம்போக் நீரிணை வழியாகப் போய்விடும், வணிகம் நிற்காது என்கிறான். சரிதானா?

செல்வராணி, ஈசூன்

அன்புள்ள செல்வராணி,

வழியைப் பொறுத்தவரை மகன் சொல்வது சரி. லொம்போக் ஆழமானது, மலாக்காவில் அடிதட்டும் அளவுக்குப் பெரிய எண்ணெய்க் கப்பல்கள் இப்போதும் அப்படித்தான் போகின்றன. சிக்கல் காப்பீட்டில் இருக்கிறது.

வழக்கமான கப்பல் காப்பீடு போர்ச் சேதத்தை ஏற்காது. போர் அபாயக் காப்பீடு தனி. லண்டன் காப்பீட்டுச் சந்தையின் ‘கூட்டுப் போர்க் குழு’ அபாயக் கடல்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அங்கே நுழையுமுன் கூடுதல் பிரீமியம் கட்டவேண்டும், பெரும்பாலும் 7 நாளுக்கு. 100 மில்லியன் டாலர் கப்பலுக்கு 0.5 விழுக்காடு என்றால் அரை மில்லியன் டாலர். கடற்கொள்ளையைக் காரணம் காட்டி 2005 ஜூனில் மலாக்காவையே அதில் சேர்த்தார்கள். சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா மூன்றும் சுற்றுக்காவலை இறுக்கிய பிறகு, 2006 ஆகஸ்டில்தான் பெயர் நீங்கியது.

வல்லரசுப் போருக்கு விதி இன்னும் கடுமை. பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ், ரஷ்யா, சீனா இவற்றில் எந்த இரண்டுக்கிடையே போர் மூண்டாலும், லண்டனின் வழக்கமான போர் அபாய ஒப்பந்தம் தானாகவே முடிந்துவிடும். போர்ப் பிரகடனம்கூட வேண்டாம். லொம்போக்கில் போகும் கப்பலுக்கும் அதே கதிதான், ராட்டர்டாமில் நிற்கும் கப்பலுக்கும் அதே கதிதான். காப்பீடு இல்லாத கப்பலை ஓட்ட, கடன் கொடுத்த வங்கி சம்மதிக்காது. அரசாங்கங்கள் பொறுப்பேற்றால்தான் சரக்கு நகரும்.

திட்டமிட்டுத் தொடங்கும் போரைவிட உரசலில் மூளும் போருக்குத்தான் அஞ்சுகிறேன். 2018 செப்டம்பர் 30 அன்று தென்சீனக் கடலின் கேவன் திட்டருகே சீன நாசகாரிக் கப்பலொன்று அமெரிக்கப் போர்க்கப்பலான டிகேட்டரை ஏறத்தாழ 41 மீட்டர் வரை நெருங்கியது. டிகேட்டரின் நீளமே 150 மீட்டருக்கு மேல். அந்த நெருக்கத்தில் சுக்கானைத் திருப்பினால் கப்பல் உடனே விலகாது. அதன் பின்பக்கம் முதலில் எதிர்ப்புறம் வீசும். விலகப் போய் இடித்துவிடலாம்.

இதற்கென்று 2014இல் சீனாவின் சிங்டாவோவில் கடற்படைகள் ஏற்ற கியூஸ் (CUES) எனும், கடலில் எதிர்பாராமல் சந்திக்கும் கப்பல்களுக்கான நடைமுறை உண்டு: பாதுகாப்பான தூரம், வானொலித் தொடர்பு, பீரங்கியையோ குறிபார்க்கும் ரேடாரையோ எதிர்க்கப்பல்மேல் திருப்பாமை. ஆனால் அது சட்டமாகக் கட்டுப்படுத்தாது. கடலோரக் காவல் படைகள் அதற்குள் வரவே இல்லை. தென்சீனக் கடலில் தண்ணீர் பீய்ச்சுவதும் முட்டுவதும் பெரும்பாலும் அவைதான். அவற்றையும் சேர்க்கவேண்டும் என்று சிங்கப்பூர் 2016லேயே யோசனை சொன்னது. அது நடந்தாக வேண்டும்.