கண்ணில் பட்டதா, கண்ணைக் கவர்ந்ததா?

கேள்வி: பிரிட்டன் நாடாளுமன்றம் பற்றிய செய்தியில் ‘கேட்ச் த ஸ்பீக்கர்ஸ் ஐ’ என்று வந்தது. ‘கேட்ச் த ஐ’ என்றால் கண்ணைக் கவர்வது என்றுதான் படித்திருக்கிறேன். சபாநாயகரின் கண்ணை ஏன் கவர வேண்டும்? ‘காட் மை ஐஸ்’ என்று பன்மையில் எழுதலாமா?

பதில்: ‘கண்ணைக் கவர்வது’ என்று மனப்பாடம் செய்வதால்தான் இந்தக் குழப்பம். தேடாமலே ஒன்று பார்வையில் பட்டு நம்மை நிறுத்தினால் ‘காட் மை ஐ’ எனலாம். அது அழகாக இருக்க வேண்டுமென்பதில்லை. கடை வாசலில் தொங்கும் பச்சைப் புடவைக்கும் சொல்லலாம், மளிகை பில்லில் இரண்டு முறை ஏறியிருக்கும் துவரம்பருப்புக்கும் சொல்லலாம். புடவை கண்ணைக் கவர்ந்தது, பில்லில் இருந்த தப்பு கண்ணில் பட்டது என்று இடம் பார்த்துத் தமிழாக்குங்கள்.

வாக்கியத்தில் அந்தப் பொருள்தான் எழுவாய்: ‘த சாரி காட் மை ஐ.’ தொலைந்த சாவியை ஒரு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தால் இது பொருந்தாது, ‘ஃபவுண்ட்’ போதும். சத்தம் கேட்டுத் திரும்பினாலும் பொருந்தாது; அதற்கு ‘காட் மை அட்டென்ஷன்’.

ஆள் எழுவாயாக வந்தால் பொருள் மாறும். ஓட்டலில் சர்வரைக் கூப்பிடாமல், அவர் நம் பக்கம் திரும்பும் நேரம் பார்த்துக் கண்ணோடு கண் சந்தித்து வரவழைக்கிறோமே, அதுதான் ‘கேட்ச் த வெயிட்டர்ஸ் ஐ’. நீங்கள் படித்ததும் இந்த வகைதான். பிரிட்டிஷ் மக்களவையில் பேச விரும்பும் உறுப்பினர், ஒருவர் பேசி முடித்ததும் எழுந்து நிற்பார். சபாநாயகர் வேறொருவரை அழைத்தால் உட்கார்ந்துவிட்டு, அவர் முடித்ததும் மறுபடி எழுவார். இதற்கு அங்கே ‘பாபிங்’ என்று பெயர். சபாநாயகர் பார்த்துப் பெயரைச் சொன்னால்தான் பேச முடியும். நம் மக்களவையிலும் சபாநாயகர் பெயர் சொல்லி அழைப்பதே முறை.

பன்மை வேண்டாம். பத்துப் பேர் பார்த்தாலும் ‘காட் எவ்ரிஒன்ஸ் ஐ’ என்று ஒருமைதான். இருவர் பார்வை சந்தித்தது என்று சொல்லும் ‘தெயர் ஐஸ் மெட்’ வேறு தொடர். அங்கே பன்மை சரி. ‘கேட்ச்’ இறந்தகாலத்தில் ‘காட்’ ஆகும், ‘கேட்ச்ட்’ என்று ஒரு வடிவமே கிடையாது. ‘ஐ-கேட்சிங்’ என்ற பெயரடையில் மட்டும் கொஞ்சம் கவனம். போஸ்டருக்கும் அட்டைப்படத்துக்கும் அது நன்றாகப் பொருந்தும். எடுப்பாக இருக்கிறது என்ற பாராட்டு அதில் கலந்திருப்பதால், பில் தப்புக்கு ஒட்டாது.

கேள்வி: ‘கீப் அன் ஐ ஆன்’, ‘கீப் அன் ஐ அவுட் ஃபார்’ இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. அடுப்பில் இருக்கும் பால் பொங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னால் ‘ஆன்’; பொருள் கண்ணெதிரே இருக்கிறது. கூரியர் வருகிறதா என்று பார்க்கச் சொன்னால் ‘அவுட் ஃபார்’; இன்னும் வராததை எதிர்பார்த்திருப்பது அது. கூரியர்க்காரர் வாசலுக்கு வருமுன்பே ‘கீப் அன் ஐ ஆன் த கூரியர்’ என்றால், அந்த ஆளையே கண்காணிக்கச் சொல்வதாக அர்த்தமாகிவிடும்.