இத்தனை படையெடுப்புகளுக்குப் பிறகும் இந்து சமயம் எப்படி அழியாமல் நிற்கிறது?

யாரிடமோ வாதாடிவிட்டு, சொல்லப் பதில் கிடைக்காத எரிச்சலில் இதைக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மன்னர்கள் வாளெடுத்துக் காத்தார்கள் என்பார்கள். சத்தியத்துக்கு அழிவில்லை என்பார்கள். இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நான் ஓதுவார், அதாவது சிவன் கோயிலில் தேவாரம் பாடுபவர், வீட்டில் வளர்ந்தவன். பூசை செய்வது, பாடுவது, பூக்கட்டுவது, சாமி தூக்குவது என்று ஆளுக்கொரு கைங்கரியம் (இறைத்தொண்டு) வைத்திருந்தவர்கள், கோயில் மூடிக் கிடந்தபோதும் அதைக் கைவிடவில்லை. நிலைத்ததற்கு முதல் காரணம் அவர்கள்தான் என்பேன்.

1323-ல் டில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியபோது, தள்ளாத வயதில் வைணவ ஆசாரியரான பிள்ளை லோகாசாரியர், அரங்கனின் உற்சவ மூர்த்தியான நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே போனார். மதுரைக்குப் பக்கத்தில் ஜோதிஷ்குடியில் அவர் பரமபதித்தார். பெருமாளை மற்றவர்கள் சுமந்தார்கள். மலையாள தேசம், கன்னட தேசம், திருமலை என்று சுற்றி, 1371-ல்தான் பெருமாள் அரங்கம் திரும்பினார். விஜயநகரத்துத் தளபதி கோபணர் மீட்டுக் கொண்டுவந்ததற்குக் கல்வெட்டே இருக்கிறது. படைபலம் தேவைப்பட்டது உண்மைதான். ஆனால் அந்த அரை நூற்றாண்டு காலம் காட்டிலும் மலையிலும் வேளை தவறாமல் திருவாராதனம் (பூசை) நடத்தியவர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? தில்லை நடராசரும் 1648 முதல் 1686 வரை சிதம்பரத்தில் இல்லை. குடுமியான்மலையிலும் மதுரையிலும் இருந்தார். காஞ்சி வரதர் உடையார்பாளையத்தில் இருந்து 1710-ல் திரும்பினார். சாமி ஊரில் இல்லாதபோதும் வழிபாடு அறுந்துபோகவில்லை.

இதை நான் நூலில் படித்து மட்டும் சொல்லவில்லை. நான் பள்ளியில் படித்தபோது எங்கள் கோயிலில் திருப்பணி தொடங்கி, பாலாலயம் செய்தார்கள். அதாவது, வேலை முடியும்வரை மூலவரை அத்திப் பலகையில் ஆவாகனம் செய்து (எழுந்தருளச் செய்து) ஓரமாக ஒரு கொட்டகையில் வைத்தார்கள். ஓராண்டில் முடியும் என்ற வேலை பணமில்லாமல் பல ஆண்டுகள் இழுத்தது. கூட்டம் குறைந்தது. தாத்தாவுக்குச் சம்பளமும் ஒழுங்காக வரவில்லை. ஆனாலும் சாயரட்சைக்கு, அந்திப் பூசைக்கு, குளித்து, நீறு பூசி, தாளத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரிய புராணம் என்று பஞ்சபுராணமும் குறையாமல் பாடுவார். மழை நாளில் கேட்க அர்ச்சகரும் நானும் மட்டும்தான் இருப்போம். "யாருமே இல்லையே தாத்தா, ஒரு பாட்டோடு முடித்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டேன். "சாமி இருக்காரில்லடா" என்றார். எனக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

உடனே சிலர் சாதியை எடுப்பார்கள். எடுக்கட்டும், நியாயமான கேள்விதான். நந்தனாரை வெளியே நிறுத்திய வரலாறும் நம்முடையதே. 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாதய்யர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துச் சென்றபோது எத்தனை எதிர்ப்பு! கதவு திறந்ததால் சமயம் அழிந்துவிடவில்லை, வளர்ந்தது. நிலைத்ததில் இந்த மாற்றத்துக்கும் பங்குண்டு. இன்னும் மாற வேண்டியதும் நிறைய.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் (தேவாரப் பதிகம்) பாட ராஜராஜன் 48 பேரை நியமித்தான். உடுக்கைக்கு ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர் என்று தனியாக வைத்து, எல்லோருக்கும் நெல் அளந்ததைக் கல்லில் வெட்டி வைத்தான். இன்று எங்கள் கோயிலில் தீபாராதனைக்குச் சுவிட்சைப் போட்டால் மின்சார மேளம் காதைப் பிளக்கிறது. அந்த இரைச்சலில் எந்த ஓதுவார் பாடுவார்? நாகசுரக்காரர் குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது. அந்த இயந்திரத்தின் மேல் உபயதாரர் பெயர் மட்டும் சிவப்பு எழுத்தில் பெரிதாக இருக்கிறது. கலசத்துக்கும் டியூப்லைட்டுக்கும் பணம் தருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாடுகிற மனிதருக்கு மாதம் ஒரு தொகை தர ஒருவர்கூட முன்வரவில்லை என்பது என்னை உறுத்துகிறது.

தாத்தா காலமான பிறகு அந்தப் பணியிடத்துக்கு யாரும் வரவில்லை. ஊரார் கையெழுத்து வாங்கி விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். ஆள் வரும்வரை பிரதோஷத்துக்கு மட்டும் நான் போய்ப் பாடுகிறேன்.